ஜன்னலுக்கு அடியில் சிக்கிய காற்று: எஸ்.சி.சி.யைக் கணினியில் ஊற்றிப் பார்த்த அனுபவம்

ஒரகடம் பக்கம் ஒரு ப்ரீகாஸ்ட் யார்டில், அதாவது கட்டடப் பாகங்களை முன்கூட்டியே வார்த்து அனுப்பும் இடத்தில், வேலை. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 150 மி.மீ. தடிமன் உள்ள சுவர்ப் பேனல்கள். நடுவில் ஒரு ஜன்னல்: ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், தரையிலிருந்து 90 செ.மீ. மேலே. பேனலைப் படுக்கவைத்துப் போடாமல் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே நிற்கவைத்தே வார்க்கிறோம். இரண்டு பக்கமும் வழுவழுப்பாக வரும், இடமும் மிச்சம். ஆனால் 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு வரிசைக் கம்பிவலை போன பிறகு வைப்ரேட்டர் ஊசியை உள்ளே விட முடியாது. அதனால் எஸ்.சி.சி., அதாவது செல்ஃப் காம்பாக்டிங் கான்கிரீட். ஊற்றினால் தானே ஓடி, தானே அமர்ந்து, கம்பிக்கு இண்டு இடுக்கெல்லாம் நிரம்ப வேண்டியது.

நிரம்பியது. ஜன்னலுக்கு அடியில் மட்டும் நிரம்பவில்லை.

மறுநாள் மோல்டைக் கழற்றி, ஜன்னல் துளைக்காக வைத்த இரும்புப் பெட்டியை உருவினால், கீழ்ப் பரப்பு முழுக்கக் குழி. சில இடத்தில் விரல் நுழையும் ஆழம், ஓரிடத்தில் உள்ளங்கை அகலம். மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி. முதல் நான்கு பேனலிலும் அதே கதை, அதே இடம். ஒவ்வொன்றுக்கும் ரிப்பேர் மார்ட்டர் வைத்துத் தேய்க்க ஒரு கொத்தனாருக்கு அரை நாள் போனது.

எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: கலவையைக் குறை சொன்னோம். ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 380 கிலோ, ஃப்ளை ஆஷ் 140, தண்ணீர் 178, 12 மி.மீ. ஜல்லி 760, எம்-சாண்ட் 890, மேலே கலவையை இளக்கி ஓடவைக்கும் பி.சி.இ. அட்மிக்ஸர். ஸ்லம்ப் ஃப்ளோ, அதாவது கூம்பில் நிரப்பித் தூக்கியதும் கான்கிரீட் பரவி நிற்கும் வட்டத்தின் விட்டம், 680 மி.மீ. வந்தது. ஐரோப்பிய வழிகாட்டியில் எஸ்.எஃப்.2 வகுப்பு 660 முதல் 750 வரை, அதற்குள் நன்றாகவே உட்கார்கிறது. 'இன்னும் ஓடணும்' என்று அட்மிக்ஸரை ஏற்றினோம். 720 வந்தது, குழி அப்படியே. இன்னும் ஏற்றினோம். வட்டத்தின் விளிம்பில் ஜல்லி இல்லாத சிமெண்ட் பால் தனியாக ஒரு வளையம் கட்டியது. அதற்கு மேல் போனால் ஜல்லி அடியில் தங்கிவிடும் என்று பயந்து திரும்பி வந்துவிட்டோம். இதிலேயே மூன்று வாரம் போய்விட்டது.

யாருக்கும் தோன்றாத கேள்வி, கான்கிரீட்டை எங்கே ஊற்றுகிறோம் என்பது. எங்கள் ஃபோர்மேன் அண்ணன் ஒவ்வொரு பக்கெட்டையும் பாதி இடது முனையில், பாதி வலது முனையில் ஊற்றுவார். "ரெண்டு பக்கமும் சமமா ஏறணும் தம்பி, இல்லன்னா மோல்டு ஒரு பக்கமா தள்ளும்" என்பார். சாதாரண கான்கிரீட்டில் அது சரியான பழக்கம்தான். நானும் மறுத்துப் பேசவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் கணினியில் ஊற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் கிடையாது. திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் இலவசம், அதில் இன்டர்ஃபோம் என்ற சால்வர் (கணக்குப் போடும் நிரல்) இரண்டு திரவங்களின் எல்லையைத் தொடர்ந்து கணக்கிடும். நமக்கு ஒரு திரவம் கான்கிரீட், இன்னொன்று காற்று. காற்றும் கணக்கில் இருக்கிறது என்பது எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

கான்கிரீட்டைத் திரவமாக நினைக்க வேண்டுமென்றால் இரண்டு எண் போதும். ஒன்று ஈல்ட் ஸ்ட்ரெஸ்: எவ்வளவு தள்ளினால் நகர ஆரம்பிக்கும். இன்னொன்று பிளாஸ்டிக் விஸ்காசிட்டி: நகர ஆரம்பித்த பிறகு எவ்வளவு பிசுபிசுப்பாக இழுக்கும். இதுதான் பிங்காம் மாடல். தேனுக்கு விஸ்காசிட்டி உண்டு, ஈல்ட் ஸ்ட்ரெஸ் கிடையாது. எவ்வளவு மெதுவாகவானாலும் ஓடிக் கடைசியில் சமமாகிவிடும். தோசை மாவை நடுவில் ஊற்றிவிட்டுக் கரண்டியால் இழுக்காமல் விட்டால் ஓரிடத்தில் நின்றுவிடுகிறதே, அந்த நிற்கும் குணம் ஈல்ட் ஸ்ட்ரெஸ்.

அதை அளக்க ரியோமீட்டர் வேண்டும், யார்டில் அது இல்லை. ஆனால் ஸ்லம்ப் கூம்பு இருக்கிறதே! ஓடி நின்ற வட்டத்தின் ஆரத்திலிருந்தே ஈல்ட் ஸ்ட்ரெஸ்ஸைக் கணக்கிட ரூசெல், குசோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2005-இல் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். 225 × அடர்த்தி × 9.81 × கொள்ளளவின் வர்க்கம். அதை 128 × பை வர்க்கம் × ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு ஆகியவற்றால் வகுக்க வேண்டும். கூம்பின் கொள்ளளவு ஐந்தரை லிட்டர், நம் அடர்த்தி 2350. விட்டம் 680 என்றால் 27 பாஸ்கல் வருகிறது. 720 என்றால் 20 சொச்சம். 600-க்கு 51. ஐந்தாம் அடுக்கு என்பதால் டேப்பைக் கொஞ்சம் அசட்டையாகப் பிடித்தாலும் விடை எங்கேயோ போய்விடும். இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள்.

விஸ்காசிட்டிக்குக் குறுக்குவழி. கான்கிரீட் 500 மி.மீ. வட்டத்தைத் தொட 4 விநாடி ஆனது. கணினியில் முதலில் ஸ்லம்ப் கூம்பையே வரைந்து, அதைத் தூக்கி, அங்கேயும் 4 விநாடி வரும்வரை விஸ்காசிட்டியை மாற்றிக்கொண்டே போனேன். சுமார் 50 பாஸ்கல்-விநாடியில் பொருந்தியது.

இப்படிச் சுலபமாகச் சொல்கிறேனே தவிர, முதல் இரவு நடந்தது வேறு. கூம்பைத் தூக்கினேன், கான்கிரீட் இறங்கவே இல்லை. கோயில் பிரசாதத் தட்டில் கவிழ்த்த புட்டு மாதிரி அப்படியே நின்றது. மெஷ் (கணக்குக்காகப் பிரித்த கட்டங்கள்) தப்பா, டைம் ஸ்டெப் (நேர இடைவெளி) தப்பா என்று இரவு ஒரு மணி வரை குடைந்தேன். கடைசியில் பார்த்தால், இந்தச் சால்வர் ஈல்ட் ஸ்ட்ரெஸ்ஸை அடர்த்தியால் வகுத்துத்தான் கேட்கிறது. 27.3 பாஸ்கல் என்றால் 27.3-ஐ 2350-ஆல் வகுத்து 0.0116 என்று கொடுக்க வேண்டும். நான் 27.3 என்றே கொடுத்திருந்தேன். அதாவது 64,000 பாஸ்கல் ஈல்ட் ஸ்ட்ரெஸ் உள்ள ஒன்றை ஓடச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது கான்கிரீட் இல்லை, களிமண் கட்டி. விஸ்காசிட்டியும் அதே போல வகுத்தே கொடுக்க வேண்டும். ஃபைலில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகு எழுதியிருக்கிறது; யார் படிக்கிறார்கள்?

திருத்திய பிறகு கணினிக் கூம்பு 672 மி.மீ.யில் நின்றது. யார்டில் 680. அதுவே போதும் என்று பேனலுக்குப் போனேன்.

இரண்டாவது தப்பு இதைவிட நாசூக்கானது. பேனல் மெல்லிசுதானே, நீளமும் உயரமும் மட்டும் எடுத்து 2டியில் ஓட்டினால் நேரம் மிச்சம் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் ஓடி முடிந்தது, படமும் அழகாக வந்தது. ஆனால் கான்கிரீட் தண்ணீர் மாதிரி மட்டமாக நின்றது. 6 மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூடச் சாய்வில்லை. யார்டில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒரு சாண் வித்தியாசம் நிற்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஓடி நின்ற கான்கிரீட்டின் சாய்வு இப்படி வரும்: ஈல்ட் ஸ்ட்ரெஸ்ஸை, அடர்த்தி × 9.81-ஆல் வகுக்கவும், அதை (1/ஆழம் + 2/சுவர்த் தடிமன்) என்பதால் பெருக்கவும். முதல் பகுதி அடித்தரையின் உராய்வு, இரண்டாவது பக்கத்துத் தகடுகள் இரண்டின் உராய்வு. ஆழம் 0.9, தடிமன் 0.15 என்று போட்டால் முதல் பகுதி 1.1, இரண்டாவது 13.3. பிடித்து நிறுத்துவதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அந்த இரண்டு தகடுகளின் வேலை. 2டியில் நான் தூக்கி எறிந்தது அதைத்தான். சரியான கணக்கில் 27 பாஸ்கலுக்கு 6 மீட்டரில் 10 செ.மீ. சாய்வு வரும். கம்பிகள் பிடித்து இழுப்பதையும் சேர்த்தால் ஒரு சாண் வருவதில் ஆச்சரியமில்லை. தகட்டில் தடவும் மோல்டு ஆயில் உராய்வைக் கொஞ்சம் குறைக்கும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, பாதுகாப்பான பக்கம் என்று விட்டுவிட்டேன்.

எனவே 3டி. தடிமனில் சமச்சீர் இருப்பதால் பாதி, அதாவது 75 மி.மீ. மட்டும் எடுத்தேன்; உயரத்தில் கீழ் ஒன்றரை மீட்டர் போதும், பிரச்சினை அங்கேதானே. 15 மி.மீ. கட்டங்கள், மொத்தம் 2 லட்சம். 8 மி.மீ. கம்பி ஒவ்வொன்றையும் வரைந்தால் கணினி செத்துவிடும். கம்பிகளை விட்டுவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது ஓடவிட்டால் காலையில் விடை இருக்கும்.

ஃபோர்மேன் அண்ணன் ஊற்றுகிற மாதிரியே ஊற்றினேன்: பாதி இடது, பாதி வலது. மறுநாள் காலை டீயைக்கூட வாங்காமல் அந்தப் படத்தைத் திறந்தேன்.

இரண்டு முனையிலிருந்தும் வரும்போது கான்கிரீட்டின் மேல்மட்டம் நடுவில் தாழ்ந்து ஒரு பள்ளத்தாக்கு மாதிரி நிற்கிறது. அந்தப் பள்ளத்தின் அடி சரியாக எங்கே வருகிறது? பேனலின் நடுவில். ஜன்னல் எங்கே இருக்கிறது? அதுவும் பேனலின் நடுவில். மட்டம் ஏற ஏற ஜன்னல் பெட்டியின் இடது மூலையையும் வலது மூலையையும் முதலில் தொடுகிறது. இரண்டு வாசலும் மூடியாயிற்று. உள்ளே இருந்த காற்று எங்கே போகும்? பெட்டியின் அடித்தகட்டோடு ஒட்டிக்கொண்டு லென்ஸ் மாதிரி ஒரு குமிழி. அதன் பிறகு மூன்று மீட்டர் வரை கான்கிரீட் ஏற்றினாலும் அது கொஞ்சம் நசுங்குமே தவிர வெளியேறாது.

கையாலும் சரிபார்த்தேன். ஜன்னலின் பாதி அகலம் 75 செ.மீ., அதற்குச் சாய்வு 13 மி.மீ. எங்கள் குழிகளின் ஆழமும் ஏறத்தாழ அதுதான்! மூன்று வாரம் அட்மிக்ஸரை ஏற்றி 720 வரை கொண்டுபோனோமே, அதனால் பள்ளம் 13-லிருந்து சுமார் 10 மி.மீ. ஆகியிருக்கும். அவ்வளவுதான் லாபம். எவ்வளவு நல்ல எஸ்.சி.சி.யாக இருந்தாலும் ஈல்ட் ஸ்ட்ரெஸ் சுழியம் ஆகாது, பள்ளமும் சுழியம் ஆகாது. ஊற்றும் இடத்தை மாற்றினால் பள்ளமே கிடையாது.

ஒரு முனையில் மட்டும் ஊற்றி ஓடவிட்டேன். மட்டம் இடமிருந்து வலமாக ஒரே சரிவு. ஜன்னலின் இடது மூலை முதலில் மூடுகிறது, பிறகு கான்கிரீட் தகட்டைத் தடவிக்கொண்டே வலப்பக்கம் போகிறது, காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு. வலது மூலை கடைசியில்தான் மூடுகிறது. படத்தில் குமிழி இல்லை.

ஃபோர்மேன் அண்ணனிடம் லேப்டாப்பைக் காட்டினேன். இரண்டு முறை ஓட்டச் சொன்னார். "இதுல நீலமா இருக்கிறதெல்லாம் காத்தா?" என்றார். "ஆமாண்ணே." "அப்ப இத்தனை நாளா நான்தான் காத்தை அடைச்சு வச்சிருக்கேன்." சிரித்துக்கொண்டே சொன்னாலும் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. ஆனால் அவர்தான் இரண்டு விஷயம் சேர்த்தார். பெட்டியின் அடித்தகட்டில் வலது ஓரமாக மூன்று 10 மி.மீ. துளை போடலாம் என்றார். மிச்சக் காற்று அதன் வழியே போகும், சிமெண்ட் பால் துளையில் எட்டிப் பார்த்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அடுத்து, மூன்று மீட்டர் உயரத்திலிருந்து கம்பிமேல் கொட்டாமல், இரண்டு வலைக்கும் நடுவே அடிவரை இறங்கும் தட்டைப் புனல் ஒன்று. வலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 68 மி.மீ.தான்; அதற்குள் வட்டக் குழாய் போட்டால் ஜல்லி அடைக்கும். 50 மி.மீ. தடிமன், கால் மீட்டர் அகலத்தில் தகரத்தில் செய்து கொடுத்தார் வெல்டர்.

முதல் சோதனை வார்ப்பு. மோல்டுக்குத் தேவை சுமார் 2.4 கன மீட்டர், எங்கள் பக்கெட் அரை கன மீட்டர், ஆக ஐந்து நடை. முதல் பக்கெட் போயிற்று. இரண்டாவதுக்குள் கிரேனை ஷெட்டின் அடுத்த பகுதியில் கேட்டார்கள், ஏழு நிமிடம் ஆகிவிட்டது. ஊற்றி முடித்தோம். துளைகளில் பால் எட்டிப் பார்த்தது.

மறுநாள் கழற்றியபோது ஜன்னல் அடி சுத்தம். ஒரு சில கடுகளவு புள்ளிகள், அவ்வளவே. ஆனால் வேறு இரண்டு வம்பு காத்திருந்தது.

ஒன்று, ஜன்னல் பெட்டி 12 மி.மீ. மேலே ஏறியிருந்தது. இது முழுக்க என் தப்பு. பெட்டி 0.27 கன மீட்டர் இடத்தை அடைக்கிறது. பக்கத்தில் கான்கிரீட் பெட்டியின் மேல்தட்டு வரை ஏறும்போது அதை மேலே தூக்கும் விசை 630 கிலோவுக்கு மேல். படகு மிதக்கிற அதே கணக்கு. அழுத்தம் எவ்வளவு என்று அந்தக் கணினி விடையிலேயே எண் எண்ணாக இருந்தது. நான் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அழுத்தத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் மெதுவாக ஏறிய பழைய முறைக்குப் போதுமானவையாக இருந்திருக்கலாம். இப்போது இரட்டிப்பாக்கி, மேலிருந்து ஒரு முட்டும் கொடுத்துவிட்டோம். எஸ்.சி.சி. வேகமாக ஏறும்போது மோல்டுக்குத் தண்ணீர் அழுத்தம் மாதிரியே முழு அழுத்தம் வரும் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. மூன்று மீட்டருக்கு அடியில் சுமார் 69 கிலோபாஸ்கல்.

இரண்டாவது வம்பு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுவர் முழுக்க ஒரு கோடு. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். கணினியில் இது வரவே இல்லை. முதல் பக்கெட் கான்கிரீட் நின்ற மட்டம் அதுதான். ஏழு நிமிடம் அசையாமல் கிடந்ததும் அது தயிர் மாதிரி லேசாக உறைந்துவிட்டது. இரண்டாவது பக்கெட் அதோடு கலக்காமல் மேலே வழுக்கிப் போயிருக்கிறது. இதற்குத் தீக்ஸோட்ரோபி என்று பெயர். சிமெண்ட் கெட்டியாவது வேறு. இது அசைத்தால் திரும்ப இளகிவிடும்.

எவ்வளவு உறைகிறது என்று பார்க்க இரண்டு கூம்பு வைத்தேன். ஒரே கலவை. ஒன்றை உடனே தூக்கினேன்: 680. இன்னொன்றை மூடி வைத்து ஏழு நிமிடம் கழித்துத் தூக்கினேன்: 540. கணக்குப்படி 27 பாஸ்கல், 87 பாஸ்கல் ஆகியிருக்கிறது, விநாடிக்கு 0.14 வீதம். கூம்பைத் தூக்கி ஓடும்போதே அந்த உறைவு கொஞ்சம் உடைந்துவிடும் என்பதால் உண்மையில் இதைவிடக் கூடவே இருக்கும். நான் கணினியில் கொடுத்தது நிமிடத்துக்கு நிமிடம் மாறாத 27. ஊற்றலையும் இடைவிடாத ஊற்றாகவே கொடுத்திருந்தேன், ஏழு நிமிட இடைவெளி அதில் எங்கே இருக்கும்? சிமுலேஷனைத் திட்டிப் பயனில்லை.

அடுத்த நாள் ஸ்டாப்வாட்சோடு பிளாண்டில் போய் நின்றேன். எஸ்.சி.சி.க்குக் கலக்கும் நேரமே நான்கு நிமிடம், பிறகு கிரேன் நடை. இடைவெளியை ஒழிக்க முடியாது. ஆனால் ஜன்னல் அடிவரை நிரம்பத் தேவைப்படுவது 0.81 கன மீட்டர், அதாவது இரண்டு பக்கெட்டுக்கும் குறைவு. முதல் இரண்டு மட்டும் அடுத்தடுத்து விழுந்தால் போதும்! முதல் கலவையை மோல்டில் ஊற்றாமல், ஒரு கன மீட்டர் பக்கெட்டில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கலவையும் அதில் சேர்ந்த பிறகு ஒரேயடியாக ஊற்றினோம். முதல் கலவை பக்கெட்டில் ஆறேழு நிமிடம் சும்மா நிற்கிறதே என்று பிளாண்ட் ஆள் ஆட்சேபித்தார். நிற்கட்டும். பக்கெட்டில் உறைந்தது புனல் வழியே விழும்போது குலுங்கி இளகிவிடும். மோல்டில் உறைந்தால் அதைக் குலுக்க யாரும் இல்லை. காத்திருக்க வேண்டுமென்றால் கான்கிரீட் பக்கெட்டில் காத்திருக்கட்டும். ஒரே நிபந்தனை: ஜல்லி அடியில் தங்காத கலவையாக இருக்க வேண்டும். நல்லவேளை அட்மிக்ஸரைப் பழைய அளவுக்கே குறைத்திருந்தோம்.

ஜப்பானில் பேராசிரியர் ஒகாமுரா இந்த வகைக் கான்கிரீட்டை 1986-இல் முன்மொழிந்து, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1988-இல் முதல் மாதிரி செய்துகாட்டியதே, வைப்ரேட்டர் போடத் தெரிந்த திறமையான ஆட்கள் குறைந்துகொண்டே வந்ததால்தான். ஆளின் திறமையை நம்பாத கான்கிரீட் என்பது யோசனை. எங்கள் யார்டில் பார்த்தது: வைப்ரேட்டர் பிடிக்கும் திறமை தேவைப்படவில்லை, எங்கே, எப்போது ஊற்றுவது என்ற திறமை முன்னைவிட அதிகம் தேவைப்பட்டது.

மூன்றாவது சோதனைப் பேனலில் அரை மீட்டர் கோடு இல்லை. ஜன்னல் அடி சுத்தம். பெட்டி அசையவில்லை. வலது துளைகளுக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒடிசாப் பையன், இரண்டு மாதத்தில் கற்ற தமிழில், "பால் வந்துச்சு, பால் வந்துச்சு" என்று கத்தினான். அதுதான் இப்போது எங்கள் யார்டில் சிக்னல்.

நாலாவது கலவை ஏறும் இடத்தில், ஜன்னலுக்கு மேலே வலது பக்கம், மங்கலாக ஒரு கோடு இன்னும் வருகிறது. ஈல்ட் ஸ்ட்ரெஸ்ஸை நேரத்தோடு ஏற்றிக்கொண்டே போகும்படி சால்வரில் நாலு வரி சேர்த்து ஓட்டினால் கணினியும் அதே இடத்தைத்தான் காட்டுகிறது. மேலே டெக்ஸ்சர் பெயின்ட் வருவதால் வாடிக்கையாளர் கண்டுகொள்ளவில்லை, நாங்களும் தொடவில்லை. தகரப் புனலைத்தான் ஒவ்வொரு பேனலுக்கும் நடுவே தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டியிருக்கிறது. ஒருநாள் மறந்து டீக்குப் போனோம், மறுநாள் புதுப் புனல் செய்ய வேண்டியதாயிற்று.